திமில், தொடை, மஞ்சள் கொழுப்பு: வாசகர் கேள்விகள்

மாட்டின் உடலில் தசை எப்படிச் சேருகிறது, கொழுப்பு எங்கே சேருகிறது, இதில் மரபணுவுக்கு எவ்வளவு பங்கு, தீவனத்துக்கு எவ்வளவு பங்கு என்று சென்னையின் பல பகுதிகளிலிருந்து வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எட்டு கேள்விகளாக இங்கே தருகிறோம்.

கேள்வி: பெல்ஜியம் நாட்டு மாடு ஒன்றை வீடியோவில் பார்த்தேன். பயில்வான் போல முதுகும் தொடையும் புடைத்துக்கொண்டு நிற்கிறது. ஊசி போட்டு வளர்க்கிறார்களா? அந்த இனத்தின் சினை ஊசியை நம் மாட்டுக்குப் போடலாமா? (வாசகர், பெரம்பூர்)

ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. அது பிறவியிலேயே வருவது. நீங்கள் பார்த்தது பெல்ஜியன் புளூ இனம். இப்படி இரட்டைத் தசையோடு பிறக்கும் மாடுகளைப் பற்றி 1807லேயே இங்கிலாந்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். காரணம் தெரிய 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எல்லா மாட்டுக்கும், நமக்கும்கூட, மயோஸ்டாட்டின் என்று ஒரு புரதம் உண்டு. தசை வளர்ந்தது போதும் என்று நிறுத்துவதுதான் அதன் வேலை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் செ ஜின் லீயும் அலெக்ஸாண்ட்ரா மெக்பெரனும் எலிகளில் இந்த மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். எலியின் தசை இரண்டு, மூன்று மடங்கு ஆகிவிட்டது. அதே ஆண்டில் பெல்ஜியன் புளூ மாட்டில் அதே மரபணு பழுதாகியிருப்பது தெரிந்தது. மாட்டின் 2ஆம் குரோமோசோமில் உள்ள அந்த மரபணுவில் 11 எழுத்துகள் விடுபட்டிருந்தன.

11 எழுத்து போனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். மரபணுவை உடல் மூன்று மூன்று எழுத்தாகத்தான் வாசிக்கும். 'கடல் மரம் பழம் நகம்' என்று எழுதி, எல்லாச் சொல்லும் மூன்று எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சொல் போனால் மற்றவை பிழைத்துக்கொள்ளும். முதல் சொல்லில் இரண்டு எழுத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள்: 'கமர ம்பழ ம்நக ம்' என்று கடைசிவரை எல்லாமே குலைந்துவிடும். 11 என்பது மூன்று முழுச் சொற்களும் மேலே இரண்டு எழுத்தும். அதனால் அந்த இடத்துக்குப் பிறகு வாசிப்பு பிறழ்ந்து, சீக்கிரமே 'முற்றும்' என்று நின்றுவிடுகிறது. புரதத்தின் வேலை செய்யும் பகுதி உருவாவதே இல்லை. இத்தாலியின் பியமாண்டீஸ் இனத்தில் ஒரே ஓர் எழுத்துதான் மாறியிருக்கிறது. ஆனால் புரதம் மடிந்து முடிச்சுப் போட வேண்டிய இடத்தில் அந்த மாற்றம் விழுந்ததால் விளைவு ஏறக்குறைய அதேதான். பிரான்சின் லிமோசினில் உள்ள மாற்றம் மென்மையானது. அதில் தசை கூடும், பிரசவச் சிக்கல் அவ்வளவாகக் கூடாது.

இந்த மாடுகளில் ஒவ்வொரு தசைநாரும் தடித்திருப்பதைவிட, நார்களின் எண்ணிக்கை மிக அதிகமாக இருப்பதுதான் முக்கியம். மொத்தத் தசை 20 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது, கொழுப்பு குறைகிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. போடாதீர்கள். பெல்ஜியன் புளூ பசுக்களே பத்தில் ஒன்பதுக்கு மேல் அறுவை சிகிச்சையில்தான் கன்று ஈனுகின்றன. கன்றின் பின்தொடை அகலம், தாயின் இடுப்பு குறுகல். சில கன்றுகள் நாக்கு பெருத்துப் பிறந்து பால் குடிக்கவே சிரமப்படும். கலப்பில் பிறக்கும் கன்றுக்கு அந்த மரபணு ஒரு பங்குதான் வரும், உண்மை. ஆனாலும் நம் சிறிய பசுவுக்கு, அதுவும் தலை ஈற்றுக் கிடேரிக்கு, அது பெரிய பாரம். தலையும் முன்கால்களும் வந்துவிடும், இடுப்பில் மாட்டிக்கொள்ளும். அப்போது நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தால் தாயின் தொடை நரம்பு நசுங்கும். கன்று வந்த பிறகும் பசு பின்கால் இரண்டும் விரிந்தபடி எழ முடியாமல் கிடக்கும். எந்தப் பசுவானாலும் பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரம் ஆகியும் முன்னேற்றம் இல்லையென்றால் இழுப்பதை விட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பெரம்பூரிலிருந்து தூரமில்லை.

கேள்வி: காங்கேயம் காளையின் திமில் கொழுப்பா, தசையா? ஒட்டகத் திமில் மாதிரி என்கிறார் நண்பர். (வாசகர், குரோம்பேட்டை)

ஒட்டகத் திமில் கொழுப்புக் கட்டி. நம் நாட்டு மாட்டின் திமில் தசை. தோள்பட்டையை முதுகெலும்போடு இணைக்கும் தசைதான் அங்கே உயர்ந்து நிற்கிறது. அதன் நார்களுக்கு நடுவே கொழுப்பு இழையோடியிருக்கும், அவ்வளவுதான். நாட்டு மாட்டின் உடலில் தசைக்குள் கொழுப்பு நன்றாக ஊடுருவிய இடம் என்றால் திமிலைத்தான் சொல்ல வேண்டும்.

திமில் வளர்வதற்கு ஆண் ஹார்மோன் வேண்டும். பசுவுக்கு அது சிறிதாக இருப்பதும், காயடித்த எருதுக்கு காளை அளவு உயராததும் இதனால்தான். காயடித்தால் கழுத்து, தோள், திமில் தசை குறையும், கொழுப்பு சேர்வது கூடும். மரபணு அதேதான். அது வேலை செய்ய வேண்டிய சூழ்நிலையை ஹார்மோன் மாற்றிவிடுகிறது. ஒரே தாய்க்கும் ஒரே பொலிகாளைக்கும் பிறந்த இரண்டு ஆண் கன்றுகளில் ஒன்றை மட்டும் காயடித்து, மூன்றாம் வயதில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கழுத்தைப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: மாதவரத்தில் நான்கு கலப்பின ஜெர்சி மாடு வைத்திருக்கிறோம். ஆறு மாதக் கிடேரிக் கன்றுக்குத் தவிடும் வைக்கோலும் வயிறு முட்டத் தருகிறோம். தொடை ஏறவே இல்லை, வயிறு மட்டும் தொங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் மரபணு சரியில்லை என்கிறார். (வாசகி, மாதவரம்)

மரபணு மேல் பழி போட அவசரப்பட வேண்டாம் அம்மா.

தசைநார்களின் எண்ணிக்கை கன்று வயிற்றில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. சினையின் இரண்டாவது மாதம் வாக்கில் தொடங்கி ஏழு மாதத்துக்குள் ஏறக்குறைய எல்லா நார்களும் உருவாகிவிடும். பிறந்த பிறகு நார் தடிக்கும், நீளும், எண்ணிக்கை கூடாது. நம் ஊரில் கறவை நின்ற பிறகுதான் சினை மாட்டுக்குத் தனித் தீவனம் வைக்கிறோம். அதற்குள் நார் எண்ணும் காலம் போய்விடுகிறது. கறந்துகொண்டே சினையாக இருக்கும் மாட்டுக்கு நடுச் சினையில் பச்சைப்புல்லும் பிண்ணாக்கும் குறைந்தால், அந்தக் கன்று என்ன ஊட்டினாலும் ஒல்லியாகவே நிற்கலாம். அடுத்த ஈற்றுக்காவது இதைக் கவனியுங்கள்.

இப்போதைய கன்றுக்கு வருவோம். உடல் வளர்ச்சிக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் எலும்பு, பிறகு தசை, கடைசியில் கொழுப்பு. கொழுப்புக்குள்ளும் வரிசை இருக்கிறது. சிறுநீரகத்தைச் சுற்றி முதலில், தசைகளுக்கு இடையே அடுத்து, தோலுக்கு அடியில் பிறகு, தசைக்கு உள்ளே கடைசியாக. உங்கள் கன்று தசை கட்ட வேண்டிய வயதில் இருக்கிறது. தசைக்குப் புரதம் வேண்டும். வைக்கோலில் அது மிகக் குறைவு, தவிட்டில் மட்டும் இருப்பது போதாது. தொங்கும் வயிறு தசையோ கொழுப்போ இல்லை, செரிக்காத வைக்கோல் அடைத்த இரைப்பை. குடற்புழு இருந்தாலும் இதே தோற்றம் வரும். சாணத்தை ஒரு சிறு டப்பாவில் எடுத்துப்போய்ப் பரிசோதித்து, எடைக்கு ஏற்றபடி புழு நீக்கம் செய்யுங்கள். கண் அளவில் மருந்து ஊற்றாதீர்கள்.

எடை பார்க்கத் தராசு வேண்டாம். தையல்காரர் டேப் போதும். முன்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி அங்குலத்தில் அளங்கள். தோள் முனையிலிருந்து பின்தட்டு எலும்பு வரை நீளம் அளங்கள். மார்புச் சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ கணக்கு கிடைக்கும். சுற்றளவு 44, நீளம் 40 என்றால் சுமார் 117 கிலோ. காலையில் தீவனம் வைப்பதற்கு முன் அளக்க வேண்டும். இல்லையென்றால் வயிற்றின் பாரத்தையும் தண்ணீரையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எழுதி வையுங்கள். கலப்பினக் கிடேரி நாளுக்கு 400 முதல் 500 கிராம் ஏறினால் சரி.

கன்றுத் தீவனத்தில் கடலைப் பிண்ணாக்கைக் கூட்டுங்கள், தாது உப்புக் கலவை சேருங்கள், வைக்கோலில் பாதியையாவது குறைத்துப் பச்சைத் தீவனம் போடுங்கள். அதே சமயம் சீக்கிரம் கொழுக்க வேண்டும் என்று அரிசிக் கஞ்சியும் மக்காச்சோளமும் அள்ளிக் கொட்டாதீர்கள். பருவத்துக்கு வருவதற்கு முன் நாளுக்கு 700, 800 கிராம் என்று ஏறும் கிடேரிக்கு மடியில் பால் சுரக்கும் திசு வளர வேண்டிய இடத்தில் கொழுப்பு உட்கார்ந்துவிடும். பார்க்க அழகான மடி, கறந்தால் ஏமாற்றம். ஜெர்சி போன்ற கறவை இனங்கள் தோலுக்கு அடியில் சேர்ப்பதைவிட வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்க்கும் குணம் கொண்டவை. வெளியே விலா எலும்பு தெரிகிறது என்பதால் உள்ளே கொழுப்பில்லை என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போனபோது ஜப்பான் வாக்யூ கறி பார்த்தேன். சிவப்புக் கறி முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோலம் போட்டது போல் இருக்கிறது. நம் மாட்டில் ஏன் அப்படி வருவதில்லை? (வாசகர், அண்ணா நகர்)

நீங்கள் பார்த்த கோலம் தசைநார்க் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்த கொழுப்புச் செல்கள். முந்தைய பதிலில் சொன்ன வரிசையில் கடைசியாக வருவது. கருவில் ஒரே மூலச் செல்களிலிருந்துதான் தசைநாரும் பிரிகிறது, கொழுப்புச் செல்லும் பிரிகிறது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சாவிகளில் ஒன்று பிபிஏஆர் காமா என்ற புரதம். ஜப்பானிய கருப்பு இனத்தில் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் தசைக்குள் கொழுப்புச் செல்லாக மாறும் பங்கு கூடியிருக்கிறது. மயோஸ்டாட்டின் மாதிரி ஒற்றை மரபணு இல்லை இது. ஒவ்வொன்றும் சிறிதளவு சேர்க்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள். அதனால்தான் ஒரு கலப்பில் இந்தக் குணத்தைக் கொண்டுவர முடிவதில்லை.

இரண்டாவது, காலம். தசைக்குள் கொழுப்பு நிரம்ப அந்த மாட்டை 28, 30 மாதம் வரை தானியத் தீவனத்தில் வளர்க்கிறார்கள். ஒரு கிலோ தசையில் முக்கால் பங்கு தண்ணீர். கொழுப்பில் தண்ணீர் சொற்பம். ஆகவே ஒரு கிலோ கொழுப்பு ஏற்ற ஆகும் தீவனச் செலவு தசையைவிடப் பல மடங்கு. வைட்டமின் ஏ கொழுப்புச் செல் உருவாவதைத் தடுக்கும் என்பதால் வளர்ச்சியின் நடுக்கட்டத்தில் அதையும் குறைத்து ஊட்டுகிறார்கள். அளவு தவறினால் மாட்டுக்குப் பார்வை போகும், கால் மூட்டு வீங்கும். பச்சைப்புல் தின்னும் நம் மாட்டுக்கு அந்தக் குறைபாடு வராமல் இருப்பது அதற்கு நல்லது.

மூன்றாவது, கொழுப்பின் தரம். எஸ்சிடி என்ற மரபணு தரும் நொதி, ஸ்டியரிக் அமிலத்தை ஓலியிக் அமிலமாக மாற்றும். முன்னது உருக 69 டிகிரி வேண்டும், பின்னது 13 டிகிரியிலேயே உருகிவிடும். வாக்யூவில் ஓலியிக் அதிகம். கையில் வைத்தாலே பிசுபிசுவென்று உருகுவது அதனால்தான். ஜப்பானில் தரம் பார்க்க 6ஆவது, 7ஆவது விலா எலும்புகளுக்கு நடுவே வெட்டி, கோலத்தின் அடர்த்திக்கு 1 முதல் 12 வரை எண் தருகிறார்கள். ஏ5 என்பதில் ஏ என்பது எவ்வளவு கறி தேறும் என்பதைக் குறிக்கும். 5 என்பதுதான் தரம். கடைகளில் இரண்டையும் குழப்பிச் சொல்வார்கள்.

காங்கேயமும் உம்பளச்சேரியும் பர்கூரும் உழவுக்கும் வண்டிக்கும் தேர்ந்தெடுத்த இனங்கள். வெயிலில் நாள் முழுக்க நடக்கும் தசை அவற்றின் பெருமை. அதில் வெள்ளைக் கோலத்தைத் தேடக் கூடாது.

கேள்வி: ஒரே கடையில் மாட்டுக் கொழுப்பு மஞ்சள், எருமைக் கொழுப்பு வெள்ளை. மஞ்சள் என்றால் நோயா? (வாசகர், வியாசர்பாடி)

பெரும்பாலும் இல்லை. புல்லில் இருக்கும் கரோட்டின் என்ற நிறமி கொழுப்பில் கரைந்து தங்கினால் மஞ்சள். எருமை கரோட்டினை வைட்டமின் ஏவாக மாற்றிவிடுகிறது, அதனால் அதன் பாலும் வெண்ணெயும் கொழுப்பும் வெள்ளை. மாடுகளிலும் கரோட்டினை உடைக்கும் பிசிஓ2 மரபணு பழுதானவை இன்னும் ஆழ்ந்த மஞ்சளாக இருக்கும். வயதான பசுவுக்கு மஞ்சள் கூடும்.

மஞ்சள் காமாலை என்றால் கொழுப்போடு நிற்காது. பகல் வெளிச்சத்தில் பாருங்கள்: வெள்ளையாக இருக்க வேண்டிய தசைநாண், மூட்டு ஜவ்வு, பெரிய ரத்தக்குழாயின் உட்புறம் இவையும் மஞ்சளாக இருந்தால் வாங்காதீர்கள். டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

கேள்வி: பாலில் கொழுப்புச் சத்து அதிகம் தரும் மாட்டுக்கு உடம்பிலும் கொழுப்பு அதிகம் இருக்குமா? (மாணவி, ஆவடி)

அப்படிக் கணக்கில்லை. பால் கொழுப்பைப் பெரிதும் பாதிப்பது 14ஆம் குரோமோசோமில் உள்ள டிஜிஏடி1 மரபணு. அதன் புரதத்தில் 232ஆவது இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருந்தால் பாலில் கொழுப்பு கூடும், அலனின் என்ற அமினோ அமிலம் இருந்தால் கொழுப்பு குறைந்து பால் அளவு கூடும். நம் நாட்டு மாடுகளிலும் எருமைகளிலும் பெரும்பாலும் லைசின் வடிவம்தான். கறித் தசைக்குள் சேரும் கொழுப்பில் இதன் பங்கு மிகச் சிறியது.

கேள்வி: காலையில் வாங்கிய மாட்டுக்கறி ஒரு வாரம் மெத்தென்று வேகிறது. இன்னொரு வாரம் எத்தனை விசில் விட்டாலும் ரப்பர். என்ன காரணம்? (வாசகி, தாம்பரம்)

மூன்று காரணங்கள் சேர்ந்து வரும்.

முதலாவது வயது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி 10 வயது கடந்து வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாடு, அல்லது நிரந்தரமாக முடமான மாடு என்று சான்று பெற்றால்தான் அறுக்கலாம். ஆகவே நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதிர்ந்த மாடு. வயது ஏற ஏறத் தசையைச் சுற்றிய ஜவ்வுப் புரதமான கொலாஜன் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அது கரைய ஈரமும் நேரமும் வேண்டும். 65 டிகிரி வாக்கில் கொலாஜன் சுருங்கிக் கறியைப் பிழிந்துவிடும். அதற்கும் மேலே நீண்ட நேரம் இருந்தால்தான் கரைந்து குழையும். பாதி வெந்த கறி பச்சைக் கறியைவிடக் கடினமாக இருப்பது இதனால்தான். விசில் எண்ணிக்கையை விடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து 35 முதல் 40 நிமிடம் விடுங்கள்.

இரண்டாவது மரபணு. அறுத்த பிறகு கல்பெய்ன் என்ற நொதி தசைநாரை உள்ளிருந்து அறுத்து மென்மையாக்கும். கல்பஸ்டாட்டின் என்ற புரதம் அதைத் தடுக்கும். திமில் மாட்டு இனங்களில் தடுப்பவர் கை ஓங்கியிருக்கும். ஐரோப்பிய இனங்களைவிட இவற்றின் கறி மென்மையாக அதிக நேரம் எடுப்பது அதனால்தான்.

மூன்றாவது, நம் வழக்கம். விடியற்காலையில் அறுத்து, எட்டு மணிக்கு வாங்கி, பத்து மணிக்குக் குக்கரில் ஏற்றுகிறோம். அந்த நேரம்தான் தசை விறைக்கும் நேரம். சிலர் இன்னும் மோசமாக, சூடு ஆறாத கறியை நேராக ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார்கள். விறைப்பு முடியாமல் உறைந்த கறி, பனி விடும்போது ஒரேயடியாகச் சுருண்டு, தண்ணீராக வடியும். பிறகு எதைச் செய்தாலும் மென்மையாகாது.

கறியைக் கழுவாமல், துடைத்து, பெரிய துண்டாகவே மூடிய பாத்திரத்தில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 4 டிகிரிக்குக் கீழே ஒன்று, இரண்டு நாள் வையுங்கள். கல்பெய்ன் குளிரிலும் மெதுவாக வேலை செய்யும். பிறகு நாருக்குக் குறுக்காக வெட்டிச் சமையுங்கள், அல்லது அதன் பிறகு ஃப்ரீசரில் வையுங்கள். அவசரம் என்றால் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி பச்சைப் பப்பாளி விழுது, அரை மணி நேரம். அதிகம் போட்டால் வெளிப்பக்கம் மாவாகும், உள்பக்கம் அப்படியே இருக்கும்.

கேள்வி: மயோஸ்டாட்டின் மாற்றம் இருக்கிறதா என்று சோதிக்க மாதிரி எப்படி எடுக்க வேண்டும்? எங்கள் ஆய்வகத்தில் இரண்டு முறை முடிவே வரவில்லை. (மாணவர், வேப்பேரி)

மாதிரியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வால் குஞ்சத்தில் சாணத்தைத் துடைத்துவிட்டு, 20 முதல் 30 முடியை விரலில் சுற்றி வேரோடு ஒரே இழுப்பாக இழுங்கள். நுனியில் வெள்ளைப் புள்ளியாக வேர்க்குமிழ் தெரிய வேண்டும். கத்தரியால் வெட்டிய முடியில் இந்தச் சோதனைக்குப் போதிய டிஎன்ஏ இருக்காது. காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். சென்னைப் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். உறை மேல் காதுத் தோட்டின் 12 இலக்க எண்ணை எழுதுங்கள்.

ரத்தம் என்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ உள்ள ஊதா மூடிக் குழாயில் 5 மில்லி, எடுத்த உடனே எட்டு, பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பச்சை மூடிக் குழாயில் இருப்பது ஹெப்பாரின். டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் பிசிஆர் வினையை அது தடுக்கும். நீங்கள் எந்த மூடிக் குழாய் பயன்படுத்தினீர்கள் என்று பாருங்கள்.

வித்தியாசம் 11 எழுத்துதான். 500 எழுத்துள்ள துண்டைப் பெருக்கி 1 சதவீத ஜெல்லில் ஓட்டினால் இரண்டு வடிவமும் ஒரே கோடாகத்தான் தெரியும். துண்டை 100 முதல் 150 எழுத்துக்குள் வைத்து, 3 சதவீத அகரோஸில் நிதானமாக ஓட்டுங்கள். ஒரு பங்கு மட்டும் உள்ள மாட்டில் இரண்டு கோடுகள் வரும். சில நேரம் அவற்றுக்கு மேலே மூன்றாவதாக மங்கலான ஒரு கோடும் தெரியும். இரண்டு வடிவங்களின் இழைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் ஒட்டிக்கொண்டு மெதுவாக நகர்வதால் வருவது அது. மாசு என்று நினைத்து மாதிரியைத் தூக்கி எறியாதீர்கள்.

இன்னொன்று. ஐரோப்பிய இனங்களில் கண்ட டிஎன்ஏ அடையாளக் குறிகளை வைத்து நாட்டு மாட்டின் தசையையோ கொழுப்பையோ கணிக்க முயலாதீர்கள். இரண்டும் பிரிந்து லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. அங்கே மரபணுவோடு சேர்ந்து வரும் குறி இங்கே சேர்ந்து வராது. நாட்டு இனங்களுக்கென்றே ஹைதராபாத்தின் தேசிய விலங்கு உயிரித்தொழில்நுட்ப நிறுவனம் 2021இல் இத்தகைய குறிகளைச் சோதிக்கும் இண்டிகௌ என்ற டிஎன்ஏ சிப்பை வெளியிட்டது. அதில் 11,496 குறிகள் உள்ளன. காங்கேயத்தையோ உம்பளச்சேரியையோ ஆராய்வதாக இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். 11 எழுத்துச் சோதனையை வெளிநாட்டு விந்து கலந்த மாடுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.